சண்முகவேலின் எண்

ஜூலை 6, ஞாயிறு

ஓசூருக்கு வந்து சேர்ந்தாயிற்று. மாடியில் ஒற்றை அறை. கீழே வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் தெலுங்கும் என்னிடம் தமிழும் பேசுகிறார்கள். பாய், வாளி, ரைஸ் குக்கர், தண்ணீர் கேன் வாங்கினேன். புது போன் வாங்கிப் புது சிம் போட்டுக்கொண்டேன். பழைய எண் மதுரை வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஹேமா சொல்லிவிட்டாள். கேஸ், பள்ளிக்கூடம், பாங்க் எல்லாம் அதில்தான் இருக்கிறது. நியாயம்தான். புது எண்ணை அவளுக்கு அனுப்பி, சஹானாவிடமும் கொடுக்கச் சொன்னேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

குடும்பம் எப்போது வரும் என்று வீட்டுக்காரம்மா கேட்டார். மகளுக்குப் பரீட்சை முடிந்து ஏப்ரலில் என்றேன்.

ஜூலை 9

பருப்பு வேகவில்லை. தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

புது எண்ணுக்கு முதல் அழைப்பு வந்தது. சஹானாவாக இருக்கும் என்று வாளியை வைத்துவிட்டு ஓடினேன். யாரோ ஒருவர், தென்காசிப் பக்கத்துப் பேச்சு. ஆடி மூன்றாம் செவ்வாய் அம்மன் கொடைக்கு மைக் செட் வேண்டுமாம், போன வருஷம் கட்டிய அதே குழாய் ஸ்பீக்கர்தான் வேண்டுமாம். ராங் நம்பர் என்றேன். "வேல் அண்ணன் விளையாடாதீங்க" என்று சிரித்தார். நான் பேசியதைக் கேட்டு நம்பியதும் உடனே வைத்துவிட்டார்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. மைக் செட் கேட்டு இன்றைக்கும் பலர் கூப்பிட்டார்கள். இந்த எண் எனக்கு முன்னால் வேல் சவுண்ட் சர்வீஸ் என்ற கடைக்காரரிடம் இருந்திருக்க வேண்டும். ஒருவர், "அப்பவே வேற நம்பர் வாங்கிட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல" என்று என்னைத் திட்டினார்.

இன்னொரு தொல்லை. ஃபேஸ்புக் குறியீடு என்று ஆறு இலக்க எண் குறுஞ்செய்தியாக வருகிறது. நான் எதையும் கேட்கவில்லை. கம்பெனி ஸ்டோரில் என்னோடு வேலை செய்யும் தினகரிடம் காட்டினேன். யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் போன் பண்ணி அந்த எண்ணைக் கேட்பார்கள், கேட்டால் சொல்லவே கூடாது என்றான். அவனுடைய மாமனார் அப்படிச் சொல்லித்தான் ஏமாந்தாராம். தெரியாத எண்களையெல்லாம் தடுத்துவைக்கும் வசதி போனிலேயே இருக்கிறது, போட்டுத் தரட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். சஹானா யாருடைய போனிலிருந்து கூப்பிடுவாளோ.

ஜூலை 20, ஞாயிறு

வீட்டுக்குப் பேசினேன். சஹானா டியூஷனுக்குப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் டியூஷன் வைக்கிறார்கள்.

என் சொந்த ஃபேஸ்புக்கைப் புது போனில் திறக்கப் பார்த்தேன். பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அது மதுரையில் ஹேமாவின் கையில் இருக்கிறது. கேட்டால் சொல்வாள். கேட்கவில்லை. அதில் அப்படி ஒன்றும் இல்லை, சஹானாவின் பழைய பிறந்தநாள் படங்கள் மட்டும்தான்.

ஜூலை 24

மாலையில் ஒரு பெண் கூப்பிட்டார். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும். அதை மட்டும் சொல்ல முடியுமா?" என்றார்.

தினகர் சொன்னது போலவே இருந்தது. ஒன்றும் பேசாமல் துண்டித்துவிட்டேன்.

ஜூலை 25

அதே பெண் மறுபடியும் கூப்பிட்டார். அவசரப்படாமல் பேசினார். இந்த எண் அவருடைய கணவருடையதாம். அவர் போன வருஷம் இறந்துவிட்டாராம். ரீசார்ஜ் பண்ணாமல் விட்டதில் எண் கைவிட்டுப் போய்விட்டதாம். இறப்புச் சான்றிதழோடு கடையில் போய்க் கேட்டபோது வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று என்றார்களாம்.

வருத்தமாக இருக்கிறது, ஆனால் குறியீட்டைச் சொல்ல முடியாது என்றேன்.

"சரி அண்ணாச்சி. உங்க இடத்துல இருந்தா நானும் சொல்லமாட்டேன்" என்று வைத்துவிட்டார்.

ஏமாற்றுகிறவர்கள் அப்படி வைத்துவிட மாட்டார்கள் என்று தோன்றுகிறது. அல்லது அதுவும் ஒரு தந்திரமோ. இட்லி மாவு புளித்துவிட்டது. ஓசூர்க் குளிரில் புளிக்காது என்று நினைத்து வெளியிலேயே வைத்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

துணி துவைத்து முடித்ததும் வேறு வேலை இல்லை. வேல் சவுண்ட் சர்வீஸ் என்று தேடினேன். கணக்கு இல்லாமலே சில வீடியோக்கள் திறந்தன. சண்முகவேல் என்று பெயர். நாற்பது வயது இருக்கும். கொஞ்சம் தொப்பை, நெற்றியில் துண்டு. ஒவ்வொரு ஊர்க் கொடையிலும் செட் போட்டுவிட்டு, அங்கிருந்தே நேரலையாகக் காட்டியிருக்கிறார். வில்லுப்பாட்டு, கும்பம், முளைப்பாரி, பொங்கல் வைக்கும் பெண்கள். இடையிடையே அவர் குரல்: "மலேசியாவுல இருந்து பாக்குற நம்ம ராமர் அண்ணாச்சி, சாமி உங்க தெருவுக்குள்ள நுழையுது, நல்லா பாத்துக்கிடுங்க." ஊருக்கு வர முடியாதவர்களுக்காகவே காட்டியிருக்கிறார். பெயர் பெயராகச் சொல்லி, அவரவர் வீட்டு வாசலில் நின்று காட்டுகிறார்.

கீழே கருத்துகளில் இந்த வருஷமும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் லைவ் எப்போது அண்ணே, ஏன் பதில் இல்லை, கோபமா. ஓரிருவர் அண்ணன் இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் அடுத்தவர் செட் கேட்கிறார்.

ஒரு வீடியோ வீட்டில் எடுத்தது. ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "சோறு ஆறுது, வாங்களேன்" என்கிறது. அவர் கேமராவைப் பார்த்து, "தலைமை நிலையத்துல இருந்து உத்தரவு வந்துருச்சு, கிளம்புதேன்" என்று சிரிக்கிறார்.

அந்த இடத்தை ஓடவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். வெள்ளிக்கிழமை என்னிடம் பேசிய அதே குரல்தான்.

ஜூலை 28

வேலை முடிந்து வந்ததும் அந்தப் பெண்ணை நானே கூப்பிட்டேன். பெயர் மாரிச்செல்வி. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஊர். ஐப்பசி மழையில் ஒரு கல்யாண வீட்டில் ஜெனரேட்டரை மாற்றும்போது மின்சாரம் தாக்கியிருக்கிறது. சட்டைப் பையிலிருந்த போனும் அப்போதே போய்விட்டது.

இப்போது அவருடைய ஃபேஸ்புக் கணக்கைத் திறந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். படங்கள் வேண்டும் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எத்தனை பேரு கேட்டுக்கிட்டே இருக்காவ அண்ணாச்சி. யாரு கூப்பிட்டாலும் எடுக்காம இருக்க மாட்டாக அவுக. சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் இடது கையால எடுப்பாக. இப்ப கோபமான்னு கேக்காவ. அவுக பக்கத்துலயே ஒரு வார்த்தை எழுதிட்டா எல்லாருக்கும் போயிரும்லா" என்றார்.

செப்டம்பர் பதினாலு அவர் பிறந்தநாளாம். ஃபேஸ்புக் எல்லோருக்கும் ஞாபகப்படுத்துமாம். நீடூழி வாழ்க என்று எழுதுவார்கள். அதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு ஓய்வு என்று சொன்னேன். மாமியார் கோவிலுக்குப் போகும் நேரத்தில் கூப்பிடுவதாகச் சொன்னார். தினகரிடம் சொல்லப் போவதில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாரிச்செல்வி கூப்பிட்டார். குறியீடு வந்தது, படித்துச் சொன்னேன். அவர் ஒவ்வொரு இலக்கமாக என்னிடம் திருப்பிச் சொல்லிக்கொண்டே போட்டார். அதற்குள் காலாவதியாகிவிட்டது. இன்னொன்று கேட்டோம். அவசரத்தில் மூன்றும் எட்டும் மாறிப்போயிற்று. அதற்கடுத்து, அதிக முறை முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள் என்று வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "பள்ளிக்கூடத்துல வெளிய நிப்பாட்டுன மாதிரி இருக்கு" என்றார்.

வைத்த பிறகு மணி என்னவென்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு நேரம் போனதே தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இந்த முறை குறியீட்டை ஏற்றுக்கொண்டது. ஆனால் புதிய போன் என்பதால் மின்னஞ்சலையும் உறுதிசெய்யச் சொல்லுகிறது. மின்னஞ்சல் இருந்ததே தனக்குத் தெரியாது என்றார் மாரிச்செல்வி. செல்போன் கடைக்காரர் ஆரம்பித்துக் கொடுத்ததாக இருக்கும். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் தெரிகின்றன, நடுவில் நட்சத்திரங்கள். வேல் சவுண்ட் சர்வீஸ் என்பதை ஆங்கிலத்தில் விதவிதமாக எழுதிப் பார்த்தோம். கடையின் பெயரோடு திருமண வருஷத்தைச் சேர்த்தபோது சரியாக வந்தது. அந்த வருஷத்தை அவர் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அதை மீட்கவும் இதே எண்ணுக்குத்தான் குறியீடு வரும். வந்தது. சொன்னேன். இரண்டு நாள் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டது.

பேச ஆரம்பிக்கும் முன் சவரம் செய்துகொண்டேன். போனில் பேசுவதற்குச் சவரம் எதற்கென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15

விடுமுறை. மதுரைக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். சஹானாவை அக்கா வீட்டுக்குத் திண்டுக்கல் கூட்டிப் போவதாக ஹேமா நேற்று சொன்னாள். டிக்கெட்டை ரத்து செய்தேன். கம்பெனியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மின்னஞ்சல் திறந்துவிட்டது. உள்ளே விளம்பரங்கள் குவிந்து கிடக்கின்றன என்றார். ஃபேஸ்புக் அனுப்பியிருந்த உறுதிசெய்யும் இணைப்பைத் தேடி அழுத்தினோம். அது காலாவதியானது. புதிதாக ஒன்று கேட்டோம். வந்தது. அழுத்தினார்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"இதுல, உள்ளே வர்றது நீங்கள்தானான்னு கேக்கு. ஆமா, நான்தான்னு ஒரு பட்டன் இருக்கு. நான் எப்படி அண்ணாச்சி அதை அழுத்த? நான் அவுக இல்லயே."

இல்லை என்று அழுத்தினால் கணக்கு மறுபடியும் மூடிக்கொள்ளும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

"அவருக்காகப் பதில் சொல்ல நீங்க இல்லாம வேற யாரும்மா இருக்கா?" என்றேன்.

அழுத்திவிட்டார். உள்ளே போனதும் கதவு திறந்தது போல "ஆ" என்று மெதுவாக ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் வேலையைக் கவனித்தோம். மாரிச்செல்வியின் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்கி, அதைச் சேர்த்து உறுதிசெய்தோம். அவருடைய எண்ணைப் போட்டோம். பழைய எண்ணை எடுத்துவிடவும் சொன்னேன், அதுதான் பாதுகாப்பு. எடுத்தார். என் போனுக்குக் கடைசியாக ஒரு குறுஞ்செய்தி வந்தது: இந்த எண் உங்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.

நன்றி சொன்னார். அவருக்குத் தம்பி மாதிரி இருந்து உதவினீர்கள் என்றார். எனக்கு நாற்பத்தாறு. திருத்தவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்த வாரம் குறியீடு எதுவும் வரவில்லை. ஆடி முடிந்ததால் செட் கேட்டும் யாரும் கூப்பிடவில்லை. அறை நிம்மதியாக இருக்கிறது. போர்வையைத் துவைத்தேன். காயவில்லை.

பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். மாரிச்செல்வி இன்னும் எதுவும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 27

ஹேமா பேசினாள். அக்டோபர் கடைசியில் கோர்ட்டில் தேதி. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருப்பதால் இழுக்காது என்றாள். சரி என்றேன். சஹானா தூங்கிவிட்டாளாம். பொட்டுக்கடலை வாங்க மறந்து வந்துவிட்டேன், சட்னி இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாரிச்செல்வி கூப்பிட்டார். தினமும் கணக்கைத் திறந்து எழுத உட்காருவதாகவும் அந்த ஒரு வார்த்தையில் கை நின்றுவிடுவதாகவும் சொன்னார். அது எழுத்தில் வந்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது என்று இருக்கிறதாம்.

நான் ஸ்டோரில் எழுதும் கடிதம் போல ஒன்று சொன்னேன். ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று. அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் அவராகவே எழுதியதைப் படித்துக் காட்டினார்.

"வேல் சவுண்ட் சர்வீஸ் சண்முகவேல் போன ஐப்பசியில் கரண்ட் அடித்து இறந்துவிட்டார். அவர் யார் மேலும் கோபமாக இல்லை. கொடைக்கு செட் கேட்டவர்களுக்கும் லைவ் கேட்டவர்களுக்கும் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளவும். இப்படிக்கு, அவர் வீட்டில் இருந்து மாரிச்செல்வி."

நல்லா இருக்கு, அப்படியே போடுங்க என்றேன்.

செப்டம்பர் 1

இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. அதைப் படித்தவர்கள் நம்ப முடியாமல் உடனே போனை எடுத்து அவருடைய எண்ணுக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த எண் என்னிடம்தான் இருக்கிறது.

காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதிலிருந்து அடிக்கிறது. எடுத்ததும் எதிர்முனையில், "அண்ணே, நீங்கதானா, எவனோ என்னமோ எழுதியிருக்கான்" என்று ஒரு சந்தோஷம். என் குரல் கேட்டு அது அப்படியே அணைந்துபோகிறது. இல்லைங்க, அது உண்மைதான், அவர் காலமாயிட்டார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மதியம் சாப்பாட்டு நேரம் முழுக்க இதுவே. யார் சார் செத்தது என்றான் தினகர். தெரிந்தவர் என்றேன்.

மாலை மாரிச்செல்வியிடம் சொன்னேன். பதறிப்போனார். தன் எண்ணைக் கொடுத்துவிடச் சொன்னார். பிறகு அவரே, "எல்லாருக்கும் முதல்ல இருந்து சொல்ல எனக்குத் தெம்பு இருக்கான்னு தெரியல அண்ணாச்சி" என்றார். வேண்டாம், எனக்கு ஒரு சிரமமும் இல்லை, நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 5

இன்றைக்கு மலேசியாவிலிருந்து ராமர் கூப்பிட்டார். வீடியோவில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அதே ராமர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஓட்டலில் வேலை. அவருடைய அம்மா இறந்தபோது ஊருக்கு வர முடியவில்லையாம். துட்டி வீட்டுக்கு செட் போட வந்த சண்முகவேல், தூக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். "கை வலிக்கும் வைங்கன்னு சொன்னேன். பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, திரும்ப வராதுன்னாரு" என்றார் ராமர். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். பின்னால் பாத்திரங்கள் கழுவும் சத்தம் கேட்டது. நான் வைக்கவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை காதில் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

இந்த ஊருக்கு வந்த பிறகு அதைக் கேட்ட முதல் ஆள்.

செப்டம்பர் 9

கூப்பிடுகிறவர்கள் குறையவில்லை. சடங்கு வீட்டில் மழை வந்தபோது ஸ்பீக்கரை நனையவிட்டு, சமையல் அடுப்புக்குத் தார்ப்பாய் பிடித்தாராம். காது கேட்காத கிழவர் ஒருவருக்காகக் குழாயை அவர் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டுவாராம். யார் யாரோ, எந்தெந்த ஊரோ. எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறேன். இப்போதெல்லாம் யோசிக்காமலே வருகிறது.

திருப்பூரிலிருந்து பேசிய ஒருவர், நீங்கள் வேலின் தம்பியா என்று கேட்டார். எண் கைமாறிய கதையெல்லாம் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தைரியமாக இருங்கள் என்றார். தனியாக இருக்காதீர்கள், நாலு பேரோடு இருங்கள், ராத்திரி நேரம் தவறாமல் சாப்பிடுங்கள் என்றார். சரிங்க என்றேன். வைத்த பிறகு இரண்டு தோசை வார்த்துச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாரிச்செல்வி கூப்பிட்டார். காலையிலிருந்து பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"ஒருத்தரும் வாழ்த்தல அண்ணாச்சி" என்றார்.

நிம்மதியாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். ராமர் அழுதபோது செய்தது போலவே போனைக் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தேறியதும், ராமர் அந்தப் பக்கத்துக்கு அனுப்பிய பழைய வீடியோக்களையெல்லாம் மாமியாருக்குப் போட்டுக் காட்டியதாகச் சொன்னார். செட்டைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொள்கிறாராம், கடைப் பெயரை மாற்றாமல். ஊர்ப்பக்கம் வந்தால் வீட்டுக்கு வர வேண்டும், வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

வருகிறேன் என்றேன். எல்லாரையும் என்பதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஓர் அழைப்பு மட்டும். கோவில்பட்டியிலிருந்து. அவருக்கு விஷயம் தாமதமாகத் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 26

இன்று யாரும் கூப்பிடவில்லை. போன் பழுதோ என்று தினகரை என் எண்ணுக்கு அடித்துப் பார்க்கச் சொன்னேன். அடித்தது.

ஏன் சார், தெரியாத நம்பரா வருதுன்னு அலுத்துக்கிட்டீங்களே, நின்னுபோச்சா என்றான். நின்றுபோயிற்று என்றேன். ஓசூரில் எல்லோருக்கும் சளி. எனக்கும்.

அக்டோபர் 2

விடுமுறை. வீட்டுக்காரம்மா சுண்டல் கொடுத்தனுப்பினார். மேலே வந்து சமையலைப் பார்த்துவிட்டு, ஏப்ரலில் மனைவியும் பாப்பாவும் வருவார்கள்தானே, மூன்று பேருக்கு இந்த அறை போதாது, பக்கத்துப் போர்ஷனைக் காலி செய்து தரட்டுமா என்று கேட்டார்.

வேண்டாங்க, நான் மட்டும்தான் இருப்பேன் என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தேன். இதைச் சொல்ல இத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டியதில்லை. சொல்வதற்கு அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை. கடகடவென்று வந்துவிட்டது.

அக்டோபர் 5, ஞாயிறு

மதுரைக்குப் பேசினேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கை ஈரம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல, "வேல் சவுண்ட் சர்வீஸா? அவர் காலமாயிட்டாருங்க. போன ஐப்பசியில" என்று சொன்னேன்.

எதிர்முனையில் பேச்சே இல்லை. இப்படி மௌனமாகிவிடுகிறவர்கள் உண்டு. பொறுத்திருந்தேன்.

"அப்பா?" என்றது குரல். "நான் சஹானா."

துணி கையிலிருந்து நழுவிவிட்டது. நான்தாம்மா, நான்தான் என்றேன். இரண்டு தடவை சொன்னேன் போலிருக்கிறது.

"யாருப்பா செத்துப்போனது?"

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொல்ல நினைத்தேன். மைக் செட், கொடை, மலேசியா ராமர், மாரிச்செல்வி, பட்டன் எல்லாம் வந்துவிட்டது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். சஹானா என் பேச்சை அத்தனை நேரம் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று.

"அப்ப எல்லாரும் உங்களுக்குத்தான் போன் பண்ணாங்களா? நீங்க எல்லார்கிட்டயும் பேசினீங்களா?"

"பேசினேன்மா."

"எங்கிட்ட மட்டும் ஏன் பேசல?"

ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டேன் என்று சொல்லலாம். டியூஷன், தூக்கம், திண்டுக்கல் என்று ஹேமா சொன்ன காரணங்களை அடுக்கலாம். அது அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் போய் நிற்கும். இனிமேல் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

தோழி வீட்டிலிருந்து, தோழியின் அம்மா போனில் பேசுகிறாளாம். பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் சொந்தமாக மின்னஞ்சல் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். தோழியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தொடங்கிக்கொண்டிருக்கிறாள். மீட்புக்கு ஒரு போன் எண் கேட்டதாம்.

"அம்மா நம்பர்தான் எல்லாத்துக்கும் குடுக்குறோம்ல. இதுக்கு உங்க நம்பரைக் குடுத்துட்டேன். அம்மா போன்ல உங்க மெசேஜ் இருந்துச்சு, பாத்து எழுதி வச்சிருந்தேன். இப்ப உங்களுக்கு ஒரு கோடு வரும், சொல்லுங்க."

போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக் காத்திருந்தேன். வந்தது. வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை, மாடிப்படி நிழலுக்கு ஓடினேன். ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டே போட்டாள். ஒரு தப்பும் இல்லை.

"ஆயிருச்சுப்பா" என்றாள். பின்னால் தோழி ஏதோ சொல்லிச் சிரித்தாள். வைக்கப் போகிறாள் என்று தெரிந்தது. இந்தக் குறியீட்டை வேற யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று அவசரமாகச் சொன்னேன். அதெல்லாம் தெரியும் என்றாள்.

"அப்பா, இந்த நம்பரை மாத்திராதீங்க. நான் பாஸ்வேர்டு மறந்துட்டா உங்களுக்குத்தான் வரும்."

மாற்ற மாட்டேன் என்றேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

கீழே விழுந்த சட்டையில் மண் ஒட்டியிருந்தது. திரும்ப அலசிக் கொடியில் போட்டேன். அப்புறம் கடைக்குப் போய் இந்த எண்ணுக்கு ஒரு வருஷத்துக்கு ரீசார்ஜ் செய்துவிட்டு வந்தேன்.